மைக் அக்கா ஜி.பி.எஸ் வாங்கிய கதை

எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது என்பது அவள் சொன்னால்தான் ஜனங்களுக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் நேரக் கண்காணிப்பாளரின் அறைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போனால், ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு மேஜை, ஒரு மைக், கீழே இருந்து கண்காணிப்பாளர் தகவல் சொல்ல ஒரு தொலைபேசி, தொண்டைக்கு இதமாக ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர். ஓட்டுநர், நடத்துநர், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் கோபித்துக்கொண்டதில்லை. குரல் அப்படி வாய்த்திருந்தது. மூட்டையும் முடிச்சுமாக அலறிப் புடைத்துக்கொண்டு வருகிறவர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டதும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொள்வார்கள்.

இத்தனை பேருக்கு வழி சொல்கிறவளுக்கு வழியே தெரியாது என்பதுதான் வேடிக்கை. துணிக்கடையில் உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தால் வாசல் எந்தப் பக்கம் என்று திருதிருவென விழிப்பாள். பல்மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவள் மருந்து அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகப் பார்த்திருக்கிறாள். அவளுடைய தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வாய் அவனுக்குக் கொஞ்சம் நீளம். “ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. அந்தப் பல்லி வேற யாருமில்ல, எங்க அக்காதான்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவான்.

கூண்டில் ஒரு விதி உண்டு. வண்டி தாமதமாகி, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாதபோது, “தெரியவில்லை” என்று மட்டும் சொல்லக் கூடாது. “இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்” என்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே கண்காணிப்பாளர் சொல்லிக்கொடுத்தது இது. தெரியவில்லை என்று சொன்னால் கூட்டம் ஜன்னலை உடைத்துவிடுமாம். பாதி வழியில் அச்சு முறிந்து படுத்துவிட்ட வண்டிக்குக்கூட அவள் சற்று நேரத்தில் என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிச் சொல்லி அது நாக்கிலேயே ஊறிவிட்டது.

புதையல் பெட்டி தேடும் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவள் கணவர். கப்பலில் சமையல்காரர். வருடத்தில் முக்கால்வாசி தண்ணீரில்தான் வாசம். போகிற துறைமுகமெல்லாம் இப்படி ஒரு விளையாட்டு நடப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். யாரோ ஒருவர் காட்டிலோ பூங்காவிலோ ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் அந்த எண்களை வைத்துக்கொண்டு தேடிப் போக வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போடலாம், ஒரு பொம்மையை எடுத்தால் வேறொரு பொம்மையை வைக்கலாம். பிறகு டப்பாவை எடுத்த இடத்திலேயே ஒளித்துவிட்டு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். காசுக்கும் ஆகாது, கறிக்கும் ஆகாது. ஆனால் கணவர், அவள், பிள்ளைகள் இருவர் என நான்கு பேரும் சேர்ந்து நாள் முழுக்க நடந்தார்கள்.

அந்த நடையில்தான் மூத்த மகள் பேசுவாள். பன்னிரண்டு வயது. வீட்டில் “ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பதோடு கதவு சாத்தப்படும். காட்டுப் பாதையில் நடக்கும்போது மட்டும், யாரும் கேட்காமலே, தோழி சண்டை போட்டது, கணக்கு டீச்சர் திட்டியது, தன் மூக்கு தனக்குப் பிடிக்காதது என்று எல்லாம் தானாக வரும். முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டியதில்லை அல்லவா, அதனால் இருக்கலாம். மைக் அக்காவுக்குப் பெட்டியைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அந்தப் பேச்சுக்காகத்தான் அவள் நடந்தாள்.

கணவர் கப்பலுக்குத் திரும்பிய பிறகு, பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று, போனில் வழி பார்த்துக்கொண்டு பிள்ளைகள் இருவரையும் அவளே அழைத்துப் போனாள். அன்றுதான் வினை வந்தது. வெயிலில் போன் திரை சரியாகத் தெரியவில்லை. பிரகாசத்தைக் கூட்டினாள். பேட்டரி நடுக்காட்டில் உயிரை விட்டது. அப்புறம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். மழை பிடித்துக்கொண்டது. சின்னவன் அழுதான். விழுந்து கிடந்த ஒரு மரத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் பைக்கில் ரோந்து வந்த வனக்காவலர் ஒருவர் பார்த்து, சாலைவரை கொண்டுவந்து விட்டார். “பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு இப்படியா வருவீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் அவர் வண்டியைத் திருப்பினார்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே மகள் சொன்னாள்: “இனிமே அப்பா வந்தா வரேன். உன்கூட வரமாட்டேன்.”

கத்திச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் மைக் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறைக் கதவு சாத்தியே கிடந்தது. கணவர் வர இன்னும் பல மாதம் இருந்தது. அதற்குள் இவள் கதவைச் சாத்தியே பழகிவிடுவாள் என்ற பயம் தாய்க்கு. பெண்பிள்ளைகள் அந்த வயதில் கதவைச் சாத்தினால் பிறகு திறப்பது லேசில்லை. அவளும் அந்த வயதில் சாத்தியவள்தான்.

போனை நம்பியதுதான் தப்பு என்று அவள் முடிவு கட்டினாள். காட்டுக்கென்றே கையடக்க ஜி.பி.எஸ் கருவி இருக்கிறது என்று கணவர் முன்பே சொல்லியிருந்தார். மகளின் கதவைத் தட்டினாள்.

“நல்ல கருவியா ஒண்ணு வாங்கப் போறேன். ஒரே ஒரு தடவ வந்து பாரேன்.”

உள்ளே புத்தகம் மூடும் சத்தம் கேட்டது. பிறகு, “ஒரே ஒரு தடவதான். மறுபடி அப்படி ஆச்சுன்னா அப்புறம் கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டேன்” என்றாள் தாய்.

கடைக்குத் தம்பியும் துணைக்கு வந்தான். கூடாரம், முதுகுப்பை, மலையேறும் செருப்பு எல்லாம் விற்கும் கடை. கண்ணாடி மேஜைமேல் கடைக்காரர் மூன்று கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கருவி, கறுப்பு வெள்ளைத் திரை. இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் பெரியது, வண்ணத் திரை, பக்கத்தில் பொத்தான்கள். மூன்றாவது செங்கல் பருமன். தொட்டால் வேலை செய்யும் திரை, கேமரா, என்னென்னவோ.

“இதான் அக்கா” என்று தம்பி செங்கல்லைத் தூக்கினான். “ராஜா மாதிரி இருக்கு பாரு. படம் எடுக்கும், மழ வருமான்னு சொல்லும்.”

“சோறு ஆக்குமாடா?”

“கேட்டுப் பாக்கறேன்.”

மைக் அக்கா சிரிக்கவில்லை. மூன்றையும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். செங்கல்லின் திரையில் அவள் முகம்தான் தெரிந்தது. தண்ணீர் பாட்டிலில் விரலை நனைத்து அதைத் தொட்டாள், அது கேட்ட பக்கம் போகாமல் வேறெங்கோ தாவியது. மழையில் நனைந்த கையோடு போனைத் தடவிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. அதைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். சின்னதும் நடுவானதும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. இரண்டுக்கும் கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியே போதும், தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். அது பெரிய நிம்மதி.

“அப்போ சின்னதே எடுத்துக்கங்க மேடம். பெட்டி தேடறதுக்கு இது தாராளம்” என்றார் கடைக்காரர். நல்ல மனுஷர், விலை கூடினதைத் தலையில் கட்டப் பார்க்கவில்லை.

அவள் இரண்டையும் இரு கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினாள். போவோர் வருவோர் பார்த்தார்கள். தம்பி எனக்கும் இந்த அம்மாவுக்கும் சம்பந்தமில்லை என்பது போலக் கூடாரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டான். அவள் சுற்றச் சுற்ற நடுக் கருவியின் அம்பு தான் காட்டிய திசையை விடாமல் திரும்பிக்கொடுத்தது. சின்னதில் அம்பு அசையவே இல்லை.

“இது ஏன் சும்மா இருக்கு?”

“அதுக்குள்ள திசைகாட்டி கிடையாது மேடம். நீங்க நடந்தாத்தான் எந்தப் பக்கம் போறீங்கன்னு அதுக்குத் தெரியும். நின்னா தெரியாது.”

“எனக்கு வழி தப்பினா நான் நின்னுடுவேங்க. நடக்க மாட்டேன்.”

கடைக்காரர் சின்னதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “அப்போ உங்களுக்கு நடுவுலதுதான். நடந்தா நடையப் பாத்துச் சொல்லும், நின்னா உள்ள இருக்கற திசைகாட்டியப் பாத்துச் சொல்லும்” என்றார்.

அதையே வாங்கினாள். கூடவே வந்த சிறு புத்தகத்தை, உலக வழக்கப்படி, யாரும் பிரிக்கவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் பூங்காவில் இறங்கி, தானே ஒரு மரத்தடியைக் குறித்துக்கொண்டு, எங்கெங்கோ சுற்றிவிட்டு அதே மரத்தடிக்குத் திரும்பப் பழகினாள். நின்றாள், பார்த்தாள், நடந்தாள். ஒவ்வொரு முறையும் மரம் வந்தது. முதல் முறை மரம் வந்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நம்ப வேண்டும். நாற்பது வயதுவரை தானாக ஓர் இடத்துக்குத் திரும்பி வந்தறியாதவளுக்குத்தான் அந்த அருமை புரியும்.

கிளம்புவதற்கு முந்தின மாலை தம்பி ஒரு பரிசோடு வந்தான். கருவிக்கென்று கெட்டியான ரெக்சினில் தானே அளவெடுத்துத் தைத்த பை. முன்பக்கம் திரை தெரியத் திறப்பு, மேலே மடித்து மூட ஒரு மடல். மூடினால் டப்பென்று ஒட்டிக்கொண்டது. பழைய ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பருக்குள் ஒரு பட்டை இருக்குமே, அதை உருவி, வெட்டி, மடலிலும் அது வந்து படியும் இடத்திலும் வைத்துத் தைத்திருந்தான்.

“ஜிப்பு போகும், பட்டன் போகும், இது ஆயுசுக்கும் போகாது” என்றான் பெருமையாக. அக்கா அவன் கன்னத்தைக் கிள்ளினாள். பல்லி என்று சொன்னதையெல்லாம் அந்தப் பைக்காக மன்னித்துவிட்டாள்.

மறுநாள் காலை ரொட்டி, அவித்த முட்டை, தகரத் தண்ணீர் பாட்டில், மாற்றுப் பேட்டரி சகிதம் மூவரும் கிளம்பினார்கள். “மைக் அக்கா, நீங்க சொன்னாத்தான் வண்டி எடுப்பேன்” என்று பேருந்து ஓட்டுநர் கலாட்டா செய்தார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஏரியை ஒட்டிய காடு. இறங்கினதும் பேருந்து நிறுத்தத்தை மைக் அக்கா கருவியில் குறித்துக்கொண்டாள். பாதை நேராகப் போனவரை ஒரு குறையும் இல்லை. அம்பு முன்னால் காட்டியது, தூரம் குறைந்துகொண்டே வந்தது. சின்னவன் மாற்றி வைப்பதற்காகக் கொண்டுவந்த பொம்மைக் காரைக் கையிலேயே ஓட்டிக்கொண்டு வந்தான். பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. மைக் அக்கா தன் வழக்கப்படி நின்றாள். பையைத் திறந்து மடலைப் பின்னால் மடித்துப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அம்பு இடதுபக்கம் என்றது. இடதுபக்கம் போனார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் அம்பு சட்டென்று பின்னால் திரும்பியது. நின்றாள். வலதுபக்கம் என்றது. வலதுபக்கம் புதருக்குள் நுழைந்து நடந்தால், வந்த வழியே போ என்றது. நின்றால் ஒரு பேச்சு, நடந்தால் ஒரு பேச்சு. அதற்குள் இரண்டு மூன்று முறை திரும்பியதில் பாதை எங்கே போனதென்றே தெரியவில்லை. தூரம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

“அம்மா, மெஷினுக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சா?” என்றான் சின்னவன்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வாய் மட்டும் ஓடியது. “ஒண்ணும் பயப்பட வேண்டியதில்ல” என்று தொடங்கினாள், நிதானமாக, தெளிவாக, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. “நாம சரியான பக்கம்தான் போய்க்கிட்டிருக்கோம். இன்னும் சற்று நேரத்தில்…”

“நிறுத்தும்மா!”

மகள் நின்றுவிட்டாள். முகம் சிவந்திருந்தது.

“அன்னிக்கும் இதே குரல்தான். போன் செத்துப்போச்சுன்னு உனக்குத் தெரியும். ஆனா ‘இதான் வழி, இன்னும் சற்று நேரத்தில்’னு பஸ் ஸ்டாண்டுல பேசற மாதிரியே பேசிட்டு வந்த. நானும் நம்பி, தம்பிகிட்ட ‘அழாத, அம்மாவுக்கு வழி தெரியும்’னு சொல்லிட்டு வந்தேன். அந்த மரம் திரும்பத் திரும்ப வந்தப்போதான் எனக்குப் புரிஞ்சுது. வழி தப்பினதுக்கு நான் பயப்படலம்மா. நீ சொல்றது நெஜமா பொய்யான்னே தெரியாமப் போச்சு பாரு, அதுக்குத்தான் பயந்தேன்.”

மைக் அக்கா கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். இத்தனை நாளும் போனைக் குற்றம் சொன்னோம், பேட்டரியைக் குற்றம் சொன்னோம், வெயிலில் திரை தெரிகிறதா என்று கடை வாசலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். பிள்ளை பயந்தது என் வாய்க்கா? அவளுக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“எனக்குத் தெரியல” என்றாள். குரல் உடைந்து, கரகரத்து வந்தது. கூண்டில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. “எந்தப் பக்கம்னு சத்தியமாத் தெரியலடி. எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். கூட்டம் ஜன்னலை உடைக்கவில்லை. மகளின் தோள் இறங்கியது, பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டதுபோல.

“சரி, குடு. பேட்டரி மாத்திப் பாக்கலாம்” என்று கருவியை வாங்கிக்கொண்டாள். மாற்றுவதற்காகப் பையிலிருந்து உருவினாள். உருவிய வேகத்தில் அம்பு வட்டமடித்து வேறு பக்கம் போய் நின்றது. “ஐயய்ய” என்று மறுபடி பைக்குள் விட்டாள். பழைய பக்கமே திரும்பியது. வெளியே எடுத்தாள், போட்டாள், எடுத்தாள். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குள் சின்னவன் பையைப் பிடுங்கித் தண்ணீர் பாட்டிலோடு விளையாட ஆரம்பித்திருந்தான். “அக்கா, இங்க பாரேன்! மாமா பை பாட்டில்ல ஒட்டிக்குது!”

“காந்தம்மா!” என்று கத்தினாள் மகள். “மாமா ஃப்ரிட்ஜ் காந்தத்தை வெச்சுத் தெச்சிருக்காரு! பக்கத்துல காந்தம் இருந்தா திசைகாட்டி எப்படி ஒழுங்காக் காட்டும்?”

பாசத்தோடு தைத்த பை. அதுதான் குடியைக் கெடுத்திருக்கிறது. மைக் அக்காவுக்கு முதலில் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பிறகு, ‘ஆயுசுக்கும் போகாது’ என்று தம்பி நெஞ்சை நிமிர்த்தி நின்றது நினைவு வந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மகளும் சிரித்தாள். என்ன ஏதென்று தெரியாமல் சின்னவனும் சிரித்தான்.

“பல்லி யாருன்னு இன்னிக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்றேன் அவனுக்கு” என்றாள் தாய்.

பையை ரொட்டிப் பொட்டலத்தோடு சேர்த்துச் சின்னவன் முதுகில் கட்டி, கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் பின்னால் வரச் சொன்னார்கள். மகள் பேட்டரியையும் மாற்றிவிட்டாள். பேட்டரி மாற்றினதும் கருவியைச் சுற்றிக் காட்டித் திசையைச் சரிசெய்ய வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்ததை மைக் அக்கா செய்தாள். நின்றாள். அம்பும் நின்றது. அம்பைப் பிடித்துக்கொண்டு பாதை பிரிந்த இடத்துக்கே திரும்பி, வலதுபக்கப் பாதையில் ஏறினார்கள். ஏரிக்கரையில் ஒரு வேர்ப் பொந்துக்குள், காய்ந்த இலைக்கு அடியில், மூடி இறுக்கிய ஒரு சோற்று டப்பா இருந்தது. சின்னவன் பொம்மைக் காரை வைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் ஆமையை எடுத்துக்கொண்டான். கையெழுத்தை மகள் போட்டாள்.

ரொட்டியைத் தின்று முடித்துக் கிளம்பும்போது மகள் கருவியை நீட்டினாள்.

“பஸ் ஸ்டாப் வரைக்கும் நீ கூட்டிட்டுப் போ.”

“நானா? நீயே வெச்சுக்கயேன். உனக்குத்தான் நல்லா வருது.”

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லப் போற. அப்புறம் என்ன?”

அவள் வாங்கிக்கொண்டாள். அம்பைப் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு, யாரும் கேட்காமலே, பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது.

“அம்மா, என் ஃப்ரெண்டு இப்போல்லாம் என்கூட உக்கார்றது இல்ல தெரியுமா? நான் அவளப் பத்தி ஒண்ணு சொல்லிட்டேன்னு யாரோ போய்ச் சொல்லிட்டாங்க. நான் சொன்னது நெஜந்தான், ஆனா…”

மைக் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பேச்சு நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். கருவியைப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் பின்னால் வைத்து நடந்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா பாதை மறுபடி பிரிய வேண்டும்?

“பஸ் ஸ்டாப் எப்போம்மா வரும்?” என்று சின்னவன் கத்தினான். “கால் வலிக்குது!”

சற்று நேரத்தில் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“தெரியலடா” என்றாள். “இரு, நின்னு பாத்துச் சொல்றேன்.”

மூவரும் நின்றார்கள். அவள் அம்பைப் பார்த்து, இரண்டு பாதையையும் பார்த்து, ஒன்றில் இறங்கினாள். மகள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.